காற்றுப் படாத முகம்

மூன்று வருஷம் அவனோடு சேர்ந்து சைக்கிள் பந்தயம் ஓட்டியிருக்கிறேன். அவன் முகத்தில் நேராகக் காற்று அடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் யாராவது ஒருவனின் முதுகு அவனுக்கு முன்னால் இருக்கும். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு, தலையைத் தாழ்த்தி, ரோட்டைப் பார்க்காமல், முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருவான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை வழியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எங்களோடு ஓட்டிய மிக்கேலின் பின்சக்கரத்தில் எந்தக் கம்பி புதிது, எது பழையது என்று கேட்டால் சொல்லிவிடுவான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. அவன் பெண்டாட்டி நல்ல மனுஷி. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து ஒத்தாசை செய்தவள். அவளுக்காக விடுகிறேன். ஆனால் ‘அவர்’ என்று எழுதச் சொன்னால் அது மட்டும் முடியாது, கை வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் சைக்கிள் பந்தயம் என்றால் கூட்டம் அம்மும். சைக்கிள் கடைக்காரர்கள் ஆள் வைத்து ஓட்டினார்கள். பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எங்கள் மூன்று பேரையும் வைத்து ஓட்டினார். டயர், டியூப், முட்டை, பால் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கடைப் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு ஜெயிப்பது எங்கள் பொறுப்பு. வண்டி என்னவோ சாதாரண இருபத்திரண்டு இஞ்ச் வண்டிதான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அது ரேஸ் சைக்கிள். அதில் குனிந்து மிதிக்கும்போது நாங்களும் வெளிநாட்டு வீரர்கள்தான் என்று எங்களுக்கு நினைப்பு.

மூன்று பேரில் நான் சுமார். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் மூட்டை எண்ணுகிற கிளார்க்காக இருந்தேன், பந்தயம் எனக்குப் பொழுதுபோக்கு. மிக்கேலுக்கு அப்படியில்லை. அவன் தருவைகுளத்துக்காரன், சங்கு குளிக்கிற குடும்பம். முத்துக்குளிப்பு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, சங்கு மட்டும் இருந்தது. அவன் அப்பா சங்குக்காக முங்கி முங்கி இரண்டு காதும் செவிடான மனிதர். மிக்கேலுக்கு இருபத்திரண்டு வயதிலேயே இடது காதில் சீழும் ரத்தமும் வர ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் முங்கினால் அந்தக் காது போகும், அடுத்து மற்றதும் போகும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கரையில் ஒரு வேலை கிடைத்தால் காது பிழைக்கும். அதற்காகத்தான் அவன் சைக்கிள் மிதித்தான். மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சு அவனுக்கு. நாங்கள் நாய் மாதிரி இளைக்கும் இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு மிதிப்பான்.

மூன்றாவது ஆள் இவன். இவனுடைய ஊர் ஆற்றுப் பாசனத்து வயல்காடு. காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் எங்களிடம் வந்து சேர்ந்தான். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றை அவன் முதல் தடவை பார்த்தபோது, நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தும் சைக்கிளோடு சாலை ஓரத்து உடைமுள்ளில் போய் விழுந்தான். மிக்கேல்தான் தூக்கிவிட்டு, சட்டையிலிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தான்.

“வள்ளத்துல மறவு பாக்குத மாதிரிதாம்ணே. காத்து வலப்பக்கமிருந்து வந்தா நீங்க எனக்கு நேர் பின்னால வரப்பிடாது. எடப்பக்கமா ஒதுங்கி, எம் பின்சக்கரத்துக்குப் பக்கத்துல வாங்க. ஒங்க மேல ஒரு பொட்டுக் காத்து படாது.”

மறைவு என்பதை எங்கள் கடற்கரையில் ‘மறவு’ என்போம். அந்த ஒரு வார்த்தையைத்தான் இவன் எங்கள் ஊரிலிருந்து கற்றுக்கொண்டான். அதை வைத்தே ஆயுசு முழுவதும் ஓட்டிவிட்டான்.

நியாயமாகப் பேச வேண்டும். மறைவில் ஓட்டுவது குற்றமில்லை. உலகத்தில் எல்லாப் பந்தயக்காரனும் அப்படித்தான் ஓட்டுகிறான். ஆனால் முறை வைத்து மாறிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் நீ காற்றை வாங்கு, கொஞ்ச நேரம் நான் வாங்குகிறேன் என்பதுதான் ஏற்பாடு. இவன் முறை வரும்போது மட்டும் இவனுக்கு ஏதாவது வந்துவிடும். “செயின் ஸ்லிப் ஆவுது மாப்ள” என்பான். “கெண்டக்கால் இழுக்கு” என்பான். ஒருநாள் ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம், கண்ணில் உப்பு விழுந்துவிட்டது என்றான். முன்னால் போன எங்கள் கண்ணில் விழாத உப்பு, எங்கள் முதுகைத் தாண்டி வந்து இவன் கண்ணில் எப்படி விழுந்தது என்று நானும் கேட்கவில்லை, மிக்கேலும் கேட்கவில்லை. மிக்கேல் சிரித்துக்கொண்டே மறுபடி முன்னால் போய்விட்டான்.

கடைசி ஒரு ஃபர்லாங்கில் மட்டும் இவனுக்கு எல்லா நோயும் குணமாகிவிடும். ஆள் கூட்டம் தெரிந்ததும் மிக்கேலின் முதுகை விட்டு வெளியே பாய்ந்து, அரைச் சக்கர வித்தியாசத்தில் கோட்டைத் தொடுவான். நாங்கள் உப்பும் புழுதியுமாக வந்து நிற்போம். அவன் தலையில் வகிடு கலைந்திருக்காது. ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், சாமர்த்தியக்காரன் என்பார்கள். எனக்கு அந்த வகிட்டைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

சைக்கிளில் மட்டும் அப்படி என்றால் விளையாட்டுப் புத்தி என்று விட்டிருப்பேன். வெயிலில் கூட நடந்தால் நம் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக மாறி மாறி வருவான். மழைக்காலத்தில் அவன் குடை வாங்கியதே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரு குறுகிய சந்தில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்தபோது என் தோளைப் பிடித்துத் திருப்பி முன்னால் நிறுத்தினான். அதுவும் அன்போடு அணைப்பது மாதிரிப் பிடித்தான். கடிபட்டது என் முழங்கால்.

பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாசரேத்துக்குப் பக்கத்து ஊர். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் முறைப்பான ஆள். வாசலில் இருந்தே என்னை முன்னால் விட்டுவிட்டு இவன் பின்னால் வந்தான். வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பலகாரம் வந்தபோது என் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் தன் தட்டைத் தொட்டான். கடைசியில் வாத்தியார் என்னைப் பார்த்து, “மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். மாப்பிள்ளை நான் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் விழுந்ததை என்னால் மறக்க முடியாது. இவனோ தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நல்ல மனுஷிதான் பிறகு இவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். முதல் நாள் அவளிடம் பேசியதும் நான்தான் என்று நினைக்கும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது.

இனி மாத்திரை விஷயம். ராத்திரி கண்விழித்து ஓட்டுகிற உப்பு லாரிக்காரர்கள் தூக்கம் வராமலிருக்க ஒரு வெள்ளை மாத்திரை போடுவார்கள். அதை இவன் எப்படியோ பிடித்துக்கொண்டான். பந்தயத்துக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள்வான். “பெட்ரோல் அடிச்சாச்சு” என்பான். போட்டால் களைப்பு தெரியாது, தாகம்கூடத் தெரியாது, கண் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எனக்கும் நீட்டினான், நான் வாங்கவில்லை. ஒழுக்கத்தால் இல்லை, பயத்தால்.

அந்த வருஷம் ஆனி மாதப் பந்தயம் மற்றவை மாதிரி இல்லை. திருச்செந்தூர் போய்த் திரும்பி வர வேண்டும். முதலில் வருகிறவனுக்கு ஒரு பெரிய ஆபீசில் விளையாட்டுக்காரர்களுக்கான வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகப் பந்தயக் கமிட்டித் தலைவர் சொல்லியிருந்தார். அவர் கடிதம் கொடுத்தால் வேலை நிச்சயம் என்பது ஊருக்கே தெரியும். மிக்கேலின் அம்மா பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். பந்தயத்துக்கு முதல் வாரமும் மிக்கேல் சங்குக்குப் போய்க் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்திருந்தான். வலி கன்னம் வரை இழுக்கிறது என்றான்.

காலையில் புறப்படுமுன் கடையின் பின்கட்டில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். இவன் பனியனுக்குள்ளிருந்து தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தான். அதில் அந்த வெள்ளை மாத்திரை இரண்டு இருந்தது. ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை மிக்கேலின் உள்ளங்கையில் வைத்தான்.

“காதுவலிக்கு இத விட்டா மருந்து கிடையாது மக்கா. கப்பல் டாக்டர் குடுத்தது. ரோட்டுல வலிச்சா ஒனக்கு மிதிக்க முடியாதுல்லா?”

மிக்கேல் சிலுவை போட்டுவிட்டு விழுங்கினான். “அண்ணனுக்குத்தான் எம்மேல என்ன அக்கறை, பாத்தியால?” என்று என்னிடம் சொன்னான். நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவது போலக் குனிந்துகொண்டேன். கச்சான் பலமாக இருக்கிறது, முன்னால் போகிறவன் களைக்காமல் இருந்தால்தான் பின்னால் வருகிறவனுக்குச் சௌகரியம். அதற்குத்தான் அந்த மாத்திரை. எனக்கு அது அப்போதே தெரிந்தது.

போகும்போது வலப்பக்கம் முன்னாலிருந்து காற்று. மிக்கேல் நடு ரோட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, இவன் அவனுக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு போனான். நான் இவனுக்கு இடப்பக்கம். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் கொஞ்சம் காற்று அடங்கும், அங்கேகூட இவன் முன்னால் வரவில்லை. திருச்செந்தூரில் திரும்பியபோது எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை ஒருவரும் இல்லை. திரும்பி வருகையில் நான் முக்காணிப் பக்கம் பின்தங்கிவிட்டேன். கடைசியில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். வழக்கம்போல இவன் வெளியே பாய்ந்திருக்கிறான். ஆனால் மிக்கேலுக்குள்ளும் அதே பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்ததே. அவன் விடவில்லை. ஏழெட்டு சைக்கிள் தூரத்தில் மிக்கேல் முதலாவதாக வந்துவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிக்கேலைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், “இனி முங்க வேண்டாம்ல, இனி முங்க வேண்டாம்” என்று என்னைப் பார்த்துக் கத்தினான். கண் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைக் கமிட்டியில் இருந்த டாக்டரும் பார்த்துவிட்டார். ஆங்கிலப் பத்திரிகையில் வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் மாத்திரை போடுவதைப் பற்றிப் படித்து வைத்திருந்த மனிதர். முதலில் வந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, கழுவிய டானிக் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும், மதுரையில் தெரிந்தவர் இருக்கிறார், பரிசோதித்துச் சொல்லுவார் என்றார். மிக்கேல் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

நான் உப்புக் குடோன் சுவரோரம் ஒதுங்கியிருந்தேன். பின்னாலிருந்து இவன் குரல் கேட்டது.

“மாப்ள, எனக்கு வரவே மாட்டேங்கு. அங்கன வாட்ச்மேன் வேற பாத்துக்கிட்டு நிக்கான். நீ இதுல கொஞ்சம் ஊத்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்குமாலே நான் முன்னால நிக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே பாட்டிலை வாங்கினேன். நிரப்பிக் கொடுத்தேன். அப்போதும் அவன் என் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாகத்தான் நின்றான்.

மூன்று வாரம் கழித்து மதுரையிலிருந்து பதில் வந்தது. மிக்கேலின் பாட்டிலில் மருந்து இருக்கிறது, இவனுடையது சுத்தம். கமிட்டி ஆபீசில் விசாரணை வைத்தார்கள். அண்ணாச்சியையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“மாத்திரை சாப்பிட்டியா தம்பி?” என்று டாக்டர் கேட்டார்.

“ஆமா சார், சாப்பிட்டேன்” என்றான் மிக்கேல். பொய் சொல்ல வேண்டிய இடம் அது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. “காதுக்கு. அண்ணன்தான் குடுத்தாவ.”

எல்லோரும் இவனைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இவனுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. வேர்த்துவிட்டது. திட்டம் போட்டு ஒருத்தனைக் கெடுக்கிற அளவுக்குக்கூடச் சரக்கு இல்லாதவன் அவன். எங்கே மறைவு என்று கண்ணால் தேடினான். மேஜை மேல் இருந்த மதுரைக் கடிதத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“எங்கிட்ட ஏது சார் மாத்திரை? நான் போடுதவனா இருந்தா என் பாட்டில்ல இருக்கும்லா? அது சுத்தமா இருக்குன்னு நீங்களே சொல்லுதிய.”

டாக்டர் தலையாட்டினார். மிக்கேல் என் பக்கம் திரும்பினான். “ஏலே, நீ பாத்தல்லா? நீ அங்கனதான நின்ன? சொல்லுல” என்றான்.

அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார். “பாத்தியாடே?” என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி அந்தப் பாட்டிலுக்கு வரும். அது என்னுடையது என்று அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் சொல்ல வேண்டும். என் ஆபீஸ் முதலாளியும் அந்தக் கமிட்டியில் ஒருவராக எதிரே உட்கார்ந்திருந்தார். நான் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததாகவும், கவனிக்கவில்லை என்றும் சொன்னேன். மிக்கேல் கோபப்படவில்லை. தனக்குத்தான் ஞாபகம் தப்பிவிட்டதோ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது அவன் முகம்.

கடிதம் இவனுக்குப் போயிற்று. வேலையும் இவனுக்குத்தான். மிக்கேல் அடுத்த திங்கட்கிழமை சங்குக்குப் போனான்.

ஆபீசிலும் இவன் அப்படியேதான் இருந்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஊர்வலம் என்றால் மூன்றாவது வரிசை, மேலதிகாரி வந்தால் பீரோவுக்குப் பின்னால். முப்பது வருஷம் ஒரு காகிதத்தில்கூட முதல் கையெழுத்து அவன் போடவில்லையாம். ஓய்வு பெற்ற நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தான். மாலை போட்டு, மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். பழைய பந்தயப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். படத்தில் மிக்கேலின் முதுகுதான் பெரிதாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் இவன் தலை. நரைத்த தலையிலும் வகிடு நேராக இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, “என் காலத்துல மாத்திரை போட்டு ஓட்டுனவங்க உண்டு. நான் சுத்தமா ஓட்டுனவன், அதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டே இருக்கு” என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுவது அந்தச் சிரிப்பால்தான். அந்த மண்டபத்தில் அவனுடைய சுத்தம் யாருடைய மூத்திரம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பேசினான், மற்றவன் கை தட்டினான்.

மறுநாள் தருவைகுளத்துக்கு பஸ் ஏறினேன். மிக்கேல் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கச்சான் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து, “இங்கன வால, மறவுல நில்லு” என்று வள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, தான் காற்றில் நின்றுகொண்டான்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். பாட்டிலில் இருந்தது என்னுடையது என்று சொன்னேன். விசாரணையில் கவனிக்கவில்லை என்றது வேண்டுமென்றேதான் என்றும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பியபோது மிக்கேல் என் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“காத்து பலமா அடிக்குல்லா, ஒண்ணும் கேக்கல” என்றான்.

காற்றின் மேல் பழியைப் போட்டான். அவனுக்கு இரண்டு காதும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.